உப்புவெளிக் கிணற்றுத் தண்ணியும் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்பும்

2022 டிசம்பர். வாடை மழை நாலு நாள் விட்டுவிட்டுப் பெய்து ஓய்ந்த காலையில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் போய் பிக்கப்பின் பொனட்டைத் தடவினேன். ஓகஸ்டில் பூசிய பெயின்ட். கண்ணாடி மாதிரி இருந்த இடம் உரித்த கோழியின் தோல்போலச் சொரசொரத்தது. கடுகளவில் நூற்றுக்கணக்கான கொப்புளங்கள், இடையிடையே உளுந்தளவில் சில. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே ஒரு பொட்டுத் தண்ணி. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். உவர்த்தது.

வண்டி அப்பாவுடையது. 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப், 1098 சிசி. மைனரின் காரையும் பிக்கப்பையும் ஒன்றென்று நினைத்து வேலையில் இறங்குபவர்கள் உண்டு. காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடலே சட்டகம். பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டும் ஏணிபோன்ற தனிச் சேசிஸ். அதன் மேல் முன்னால் கபின், பின்னால் பெட்டி, இரண்டும் தனித்தனியாகப் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் வைத்துச் செய்பவனுக்கு இது பெரிய வரம். எட்டு ஆணி கழற்றி நாலு பேர் பிடித்தால் பெட்டி தனியாக வந்துவிடும். (நான் சொல்வது எங்கள் வண்டியின் கணக்கு. அப்பா எந்த ஆணியை எங்கே மாற்றிப் பூட்டினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.)

அப்பா அந்தப் பெட்டியில் ஏற்றாதது எதுவுமில்லை. அதிகம் ஏற்றியது மீன். ஐஸ் போட்ட மரப்பெட்டிகளை அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார், ஐஸ் உருகி மீன் தண்ணியோடு சேர்ந்து தகரத்தின் மடிப்புகளுக்குள் இறங்கும். சில நாட்களில் கருவாட்டுச் சாக்கு. பின்னாளில் யாரோ யோசனை சொல்லி அடிப்பாகம் முழுக்கத் தார் பூசினார்கள். கறள் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நிம்மதியாக வளர்வதற்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது.

முதல் சுற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2022இல் வேலை தொடங்கினோம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம். மின்சாரம் இருக்கும் நேரத்தில் ஓடி ஓடி வேலை. எங்கள் ஒழுங்கையிலேயே டிங்கரிங் செய்யும் பெடியன் ஒருவன், என்னிடம் படித்தவன், இன்றும் என்னைச் சேர் என்றுதான் கூப்பிடுவான். கறள் பிடித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறள் கொல்லி பூசி, ஓட்டை விழுந்த இடத்தில் தகரத்தை மேலே வைத்துக் காஸ் வெல்டிங் அடித்து, மேலே கட்டலோய் (பள்ளம் நிரப்பும் பசை) இழுத்து, தண்ணி ஊற்றித் தேய்த்து, என்.சி. (நைத்திரோசெலுலோசு) பெயின்ட் அடித்தோம். ஓகஸ்டில் தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். டிசம்பரில் நான் மட்டும் நின்று பார்த்தேன்.

சந்தேகம் முதலில் பெயின்ட் விற்ற கடைமேல் போனது. நகரத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். தின்னரில் கலப்படம், பழைய சரக்கு என்று வாய்க்கு வந்தது எல்லாம் சொன்னேன். கடைக்காரர் அமைதியாக, "ஐயா, இதே டின்னில இருந்து அளந்து குடுத்த மற்ற வாகனமெல்லாம் நல்லா நிக்குதே" என்றார். அந்த நேரம் அது எனக்குச் சாட்டாகப்பட்டது. அக்கம்பக்கத்தில் இன்னொரு விளக்கம்: சுனாமித் தண்ணி குடித்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று. 2004 டிசம்பர் 26 அன்று வண்டி நின்றது உவர்மலையில், சித்தப்பா வீட்டில். கடல் அங்கே ஏறவில்லை.

பெடியன்தான் சரியாகப் பார்த்தான். கொப்புளம் வந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டுக்கொண்டு போனான். கபின் கூரையில், ஒருநாளும் கறள் பிடிக்காத நல்ல தகரத்திலும் கொப்புளம். அங்கே சீராக, எங்கும் ஒரே அளவில். கதவடியிலும் மட்கார்ட் ஓரத்திலும் பெரிதாக, கொத்துக் கொத்தாக.

"சேர், இது ரெண்டு விதமான வருத்தம்" என்றான். "கூரையில வந்தது வேற, கதவில வந்தது வேற."

"கூரையில நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"ஒண்டும் இல்லை. பழைய பெயின்ட் உரிச்சு, பிரைமர் அடிச்சு, தண்ணி ஊத்தித் தேய்ச்சதுதான்."

தண்ணி. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணி. குளிக்கலாம், சவர்க்காரம் சரியாக நுரைக்காது, தேத்தண்ணிக்கு உதவாது. ஊருக்கே உப்புவெளி என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்த எனக்கு அந்தப் பெயர் ஒரு எச்சரிக்கைப் பலகையாகத் தெரியவில்லை.

பழைய பள்ளிக்கூட நண்பர் ஒருவரிடம் கொஞ்சம் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் ஐதான நைத்திரிக் அமிலமும் வாங்கினேன். சாதாரணதர மாணவனும் அறிந்த சோதனை. மாதிரியில் இரண்டு துளி அமிலம், பிறகு இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று. குளோரைட்டு இருந்தால் வெள்ளை வீழ்படிவு. அமிலத்தை முதலில் விடுவது காபனேற்று வந்து ஏமாற்றாமல் இருக்க. பெற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணி தெளிவாகவே நின்றது. குழாய்த் தண்ணி, அதாவது கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது, கழுவின அரிசியின் இரண்டாம் தண்ணி மாதிரி இலேசாக மங்கியது. கிணற்றுத் தண்ணி தயிராகத் திரண்டது. விரல் நுனிகள் இரண்டு கிழமைக்குக் கறுப்பாகவே இருந்தன. மனைவி கேட்டா, "பெயின்ட்டா, மருந்தா?" என்று.

தண்ணியில் உப்பு இருப்பது தெரிந்துவிட்டது. கொப்புளத்துக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. வெட்டி எறிந்த தகரத்தில் நாலு துண்டு எடுத்தோம். மூன்று துண்டு சுத்தமான தகரம். ஒன்றைக் கிணற்றுத் தண்ணியிலும், ஒன்றைக் குழாய்த் தண்ணியிலும், ஒன்றைப் பெற்றரித் தண்ணியிலும் தேய்த்துக் காயவிட்டு, ஒரே நாளில் ஒரே பிரைமரும் பெயின்ட்டும் அடித்தோம். நாலாவது, கதவடியிலிருந்து வெட்டிய கறள் குழி விழுந்த துண்டு. அதைப் பளபளவென்று பிரஷ் பண்ணி, பெற்றரித் தண்ணியில் ஒரே ஒருமுறை கழுவி, அதே பெயின்ட். நாலையும் ஒரு பழைய ஐஸ் பெட்டிக்குள் ஈரச் சாக்கின் மேல் கம்பியில் தொங்கவிட்டு மூடிவிட்டேன்.

மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது கிணற்றுத் தண்ணித் துண்டு பொனட்டைப் போலவே இருந்தது. குழாய்த் தண்ணித் துண்டில் ஓரத்தில் சில பொட்டுகள். பெற்றரித் தண்ணித் துண்டு சுத்தம். நாலாவதில் குழி இருந்த இடமெல்லாம் பெரிய கொப்புளம், சிலதில் மண்ணிறக் கசிவும். பெடியன் சொன்ன இரண்டு வருத்தம் அதுதான்.

நடப்பது இது. பெயின்ட் படை தண்ணியை முழுதாக மறிக்காது. தண்ணி மூலக்கூறு மெதுவாக ஊடுருவும், உப்பு ஊடுருவாது. ஆகப் பெயின்ட் ஒரு பங்கூடுபுகவிடும் மென்சவ்வு, உள்ளே மாட்டிய உப்பு ஒரு செறிந்த கரைசல், வெளியே மழைத்தண்ணி. மீதிப் பிரசாரணப் பாடம் (ஐதான பக்கத்துத் தண்ணி செறிந்த பக்கத்துக்கு இழுபடுவது) தானாக நடக்கும், உலர்ந்த முந்திரிகை தண்ணியில் ஊதுகிற மாதிரி. சோடியம் குளோரைட்டு காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ஈரம் இழுத்துக் கரையும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறதே, அது 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். திருகோணமலையில் அதற்குக் கீழே காற்று காய்வது அபூர்வம். அந்த உப்பு ஏறிய தகரம் இந்த ஊரில் காய்ந்ததாகவே கணக்கில்லை.

குழிகளின் கதை இன்னும் மோசம். கறளின் அடியில், இரும்பை ஒட்டியபடி குளோரைட்டு பதுங்கியிருக்கும். பிரஷ் மேலே மினுக்குமே தவிர அங்கே போகாது. அத்தோடு நாங்கள் பூசிய கறள் கொல்லியில் இருந்தது பொசுபோரிக் அமிலம். டின்னில் கழுவச் சொல்லி எழுதியிருந்தது, எழுத்து சிறிது, எங்கள் அவசரம் பெரிது. கழுவாமல் விட்ட அமிலமும் ஈரம் இழுக்கும். அதன் மேல் கட்டலோய். அது தண்ணி குடிக்கும் பொருள், அதைப் போய்த் தண்ணி ஊற்றித் தேய்த்திருக்கிறோம். பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் பெயின்ட் நாலு மாதம் நின்றதே அதிசயம். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்கு என்ன என்ன வேணும் என்று கேட்டார்.

இரண்டாவது சுற்றை 2023 மே மாதம், கச்சான் காற்று தொடங்கியதும் ஆரம்பித்தோம். வாடைக்காலத்தில் காற்று கடலிலிருந்து உப்பைச் சுமந்து வரும், கச்சான் தரைப்பக்கமிருந்து வரும் வறண்ட காற்று. தூசி இருக்கும். தூசியைத் தேய்த்து எடுக்கலாம்.

மணல் ஊதிச் சுத்தம் செய்வோமா என்று யோசனை வந்தது. நிலாவெளிப் பக்கம் மலிவாக ஊதித் தருகிறார்கள் என்றும் சொன்னார்கள். என்ன மணல் என்று கேட்டேன். கடற்கரை மணல். வெள்ளி நைத்திரேற்றுப் போத்தல் மேசையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு விடை தேடத் தேவையில்லை. சிலிக்கா மணல் தூசி நுரையீரலுக்கும் கேடு. ஆகவே பெரிய பகுதிகளுக்குக் கிரைண்டரில் முறுக்குக் கம்பி பிரஷ், சிறிய பகுதிகளுக்கு மின்பகுப்பு. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயில் சலவைச் சோடாக் கரைசல், கறள் பிடித்த கதவுப் பிணைச்சல் எதிர்முனையில், சுற்றிவர வீட்டில் கிடந்த கட்டிடக் கம்பித் துண்டுகள் நேர்முனையில், நடுவே பெற்றரி சார்ஜர். முனை மாறினால் நல்ல இரும்பு கரைந்துபோகும். எவர்சில்வர் கரண்டியை நேர்முனையாகப் போடவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணியில் இறங்கும். ஐதரசன் வரும், ஆகவே திறந்த இடத்தில். கடலடியில் கிடந்து எடுத்த பீரங்கிகளையும் இந்த வழியில்தான் நூதனசாலைகளில் உப்பிறக்குகிறார்கள். கறளோடு குளோரைட்டும் வெளியேறுவதுதான் இதன் உண்மையான இலாபம்.

கபினை வெட்ட முதல் கதவுச் சட்டத்துக்குள் குறுக்காக ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டினோம். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வைத்தேன். அடித்தகரத்தை எடுத்ததும் கபின் கடதாசிப் பெட்டி மாதிரி நெளியும், நெளிந்த நிலையில் வெல்டிங் அடித்தால் கதவு ஒருநாளும் பூட்டாது. கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் கதவடிச் சட்டத்தை நிரந்தரமாக ஒட்டினோம். ஏற்கனவே போட்ட ஒட்டுத் தகரங்களைப் பிரித்தபோது ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பிடி கறள்தூள். தகரத்தின் மேல் தகரம் வைத்தால் நடுவில் ஒரு நூலளவு இடுக்கு மிஞ்சும், உப்புத்தண்ணிக்கு அது வாடகையில்லா வீடு.

இந்த முறை பழுதை நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அதே அளவில் துண்டு செய்து, விளிம்புக்கு விளிம்பு பொருத்தி ஒட்டினோம். உடலுக்கு 20 கேஜ், அடித்தகரத்துக்கு 18 கேஜ். அதாவது 0.9 மில்லிமீற்றரும் 1.2 மில்லிமீற்றரும். 20 கேஜ் தகரத்தில் தொடர்ந்து ஒரு கோடு இழுத்தால் வெயிலில் வைத்த அப்பளம்தான். வாடகைக்கு எடுத்த மிக் வெல்டரில் 0.6 மில்லிமீற்றர் கம்பி. ஒரு பொட்டு இந்த மூலையில், அடுத்தது அந்த மூலையில், பிறகு நடுவில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை பெடியன் அடுத்த பொட்டுக்குப் போகமாட்டான். பின்பக்கம் ஒரு தட்டையான செப்புத் துண்டைப் பிடித்தபடி நான் குந்தியிருப்பேன். செப்பில் ஒட்டாது, ஓட்டையும் விழாது. கபினின் இடது பின்மூலை, இரண்டு கை அகலம்கூட இல்லாதது, அதற்கு மட்டும் இரண்டு நாள்.

"சேர், காஸில எண்டா அரை மணித்தியாலம்" என்பான் இடைக்கிடை.

"அரை மணித்தியாலத்தில செய்ததைத்தானே இப்ப வெட்டிக்கொண்டிருக்கிறாய்?"

பெட்டியின் அடித்தகரத்தைக் காப்பாற்ற முயலவில்லை. முழுதாக எடுத்துப் புதிதாகப் போட்டோம். காலிப் பக்கத்தில் மைனருக்குத் தகரப் பகுதிகள் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி ஒன்று கைக்கு அகப்படவில்லை, மடிப்பு மெசின் உள்ள ஒரு பட்டறையில் அளவு கொடுத்து மடித்து எடுத்தோம்.

பிறகு கழுவல். அதுதான் இந்த வேலையின் நடுப்பகுதி, யாரும் படம் எடுத்துப் போடாத பகுதி. குழி விழுந்த இடங்களைப் பிரஷ் பண்ணி, கொதித்த குழாய்த் தண்ணியால் தேய்த்துக் கழுவி, கடைசியில் பெற்றரித் தண்ணியால் அலசி, ஒன்றும் பூசாமல் இரவு முழுக்க அப்படியே விடுவது. விடிய ஐந்தரைக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். உப்புப் போகாத குழியின் வாயில் ஊசிமுனை அளவில் ஒரு மஞ்சள் துளி நிற்கும். வேர்வை மாதிரி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும், வெயில் ஏறினால் மண்ணிறப் பொட்டாகக் காயும். துளி நின்ற குழிகளைச் சோக்கால் வட்டமிட்டுவிட்டு, மறுபடி பிரஷ், மறுபடி கொதிதண்ணி. தகரம் முழுக்க இலேசாகச் செம்மை படர்வது பயப்பட வேண்டியதல்ல, அது ஒரு துடைப்பில் போகும். துளிதான் எதிரி. கூரைக்கு ஒரு தடவை போதும். வலது மட்கார்ட்டுக்கு மூன்று. பெட்டியின் முன்தகரத்துக்கு ஐந்து. ஐந்தாம் விடியலில் துளி இல்லை. அலசின தண்ணியில் சோதனை போட்டேன், போத்தலுக்கு அந்தப்பக்கம் பேப்பர் எழுத்து தெரிந்தது.

அன்று மத்தியானமே எபொக்சி பிரைமர். கட்டலோய் அதற்கு மேலேதான், வெறும் தகரத்தில் அல்ல. எங்கேயும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இல்லை. முழுக்க உலர்தேய்ப்பு, 80ஆம் இலக்கத் தேய்ப்புத் தாளில் தொடங்கி 180, 320. கொட்டில் மாவரைக்கும் மில் போலானது, முகமூடி இல்லாமல் உள்ளே யாரையும் விடவில்லை.

மேல் பெயின்ட்டுக்கு 2கே (கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால் இன்னும் உழைக்கும் என்று பெடியன் ஆசைப்பட்டான். உண்மைதான். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது, தெளிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு மிகக் கொஞ்சமே போதும். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும், சாதாரண முகமூடி காணாது. பக்கத்து வளவில் சின்னப் பிள்ளைகள். என்.சி.தான் என்று முடித்துவிட்டேன். நிறம் பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே பச்சை. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும். அப்பாவுக்கும் பிடிக்காது. கொம்பிரசர் தாங்கியில் சேரும் தண்ணியை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்துவிட்டோம், குழாயில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் ஒன்றும் பூட்டினோம். இரண்டாம் கோட் அடித்த அன்று காற்று மாறி ஈரம் ஏறி, ஒரு கதவு பால் படிந்த மாதிரி வெளுத்தது. தாமதமாக ஆவியாகும் தின்னர் கலந்து மேலே ஒரு மெல்லிய கோட் அடிக்கச் சரியாகிவிட்டது. கடைசி மினுக்கலுக்கு மட்டும் 1500, 2000 தாளில் தண்ணி தொட்டோம். பெற்றரித் தண்ணி. போத்தல் போத்தலாக வாங்குவதைப் பார்த்த கடைப் பையன், "ஐயா, எத்தனை பெற்றரி வைச்சிருக்கிறீங்கள்?" என்றான்.

சட்டங்களின் உட்பக்கத்துக்குக் கழிவு ஒயில் ஊற்றச் சொன்னார்கள் பலர். எரிந்த ஒயிலில் அமிலம் இருக்கும், அதைத் தவிர்த்து மெழுகுக் கலவை தெளித்தோம். அதற்கு முன் கதவடியிலும் சட்டங்களிலும் உள்ள வடிதுளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறந்தோம். பாதிக்கு மேல் பழைய தாரால் அடைபட்டிருந்தன.

வண்டி இரண்டு மாரி கண்டுவிட்டது. கூரை, பொனட், மட்கார்ட் இரண்டும், பெட்டியும் சுத்தம். இடது கதவில் மட்டும், கீழ்விளிம்பில், வெளித்தகரம் உள்தகரத்தின் மேல் மடிந்து வரும் இடத்தில், போன தை மாதம் ஒரு உளுந்தளவுக் கொப்புளம். அந்த மடிப்பை நாங்கள் பிரிக்கவில்லை. பிரித்தால் விளிம்பு கெடும் என்று பெடியன் தயங்கினான், நானும் களைத்திருந்தேன், வெளியிலிருந்து கழுவினது போதும் என்று விட்டோம். ஊசியால் குத்தி, வந்த ஈரத்தைப் பெற்றரித் தண்ணியில் கரைத்து, இரண்டு துளி அமிலம், இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று.

வெளுத்தது. கச்சான் தொடங்கட்டும் என்று பெடியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.